அதிவீரன் வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம்?

வீரனுக்கும் வயிறு உண்டு என்பதைப் பழந்தமிழ் இலக்கணகாரர் மறைத்தாரல்லர். பகைவரின் ஆநிரையைக் கவர்ந்துவரும் வெட்சி மறவருக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர், வீரச் செயலை மட்டும் கூறி நின்றுவிடவில்லை. கவர்ந்த நிரையைத் தம்முட் பங்கிட்டுக்கொள்ளும் பாதீட்டையும், உண்டு களிக்கும் உண்டாட்டையும், இரவலர்க்கு ஈயும் கொடையையும் அதே திணையின் துறைகளாக வைத்தார். அரசனுக்காகப் போர்க்களத்தில் உயிர் கொடுப்பதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்றே நம் முன்னோர் பெயரிட்டனர். சோறு இட்டவன் எவனோ அவனுக்காகவே வாள் சுழன்றது. அந்தச் சமுதாயம் அதனை நாணமின்றி ஒப்புக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சித்திரக்கதைகள் ஈன்ற அதிவீரர்களைப் பார்த்து இதே கேள்வியை எழுப்பினாலோ, பலர் நகைக்கின்றனர். வானிற் பறக்கும் சுப்பர்மானும், வெளவால் உடை தரித்து இரவிற் திரியும் பற்மானும், சிலந்திபோற் சுவரில் ஊரும் ஸ்பைடர்மானும் பகலில் என்ன தொழில் செய்கின்றனர்? வீட்டு வாடகையைச் செலுத்துபவர் யார்? இரவெல்லாம் திருடரைத் துரத்தியவன் காலையில் எந்தக் கடையில் எந்தக் காசு கொடுத்துப் பாண் வாங்குகிறான்? "கற்பனைக் கதைக்குள்ளே சம்பளப் பட்டியலைத் தேடுவதா? குழந்தைகளின் களியாட்டத்திலுமா உங்கள் பொருளாதாரம்?" என்று கலையன்பர்களான நண்பர்கள் சிலர் சலித்துக்கொள்கின்றனர்.

நண்பர்களே, இக்கேள்வியை நாம் வலிந்து புகுத்தவில்லை. அக்கதைகளை எழுதியோரே அதனை எதிர்கொள்ள நேர்ந்தது. பழைய காவிய நாயகன் அரசகுமாரன். குடிகளின் வரி அவனை ஊட்டியது. புராணத்து முனிவனைக் காடு ஊட்டியது. ஆனால் இந்தப் புதிய வீரன் வாழ்வதோ காசின்றி எதுவும் அசையாத ஒரு முதலாளித்துவ மாநகரில். அங்கே அவனை உலவவிட்ட கணமே, அவனுக்கு ஒரு வருவாயையும் எழுத்தாளன் காட்டியாக வேண்டியிருந்தது. அவ்வாறு காட்டப்பட்ட வருவாய்களை ஒழுங்காக அடுக்கிப் பார்த்தால், உழைப்பைப் பற்றியும் செல்வத்தைப் பற்றியும் ஒரு முழுமையான போதனை அங்கே மறைந்திருப்பது புலனாகும். திரைப்படங்கள் வழியாக, புத்தகப் பைகளில் அச்சிட்ட படங்கள் வழியாக, நம் மாணவரையும் அப்போதனை வந்தடைகிறது. சிரிப்போடு உட்புகும் கொள்கையை எவரும் சோதிப்பதில்லை. ஆகவே சோதிப்பது ஆசிரியர்களாகிய நமது கடமையாகிறது.

முதலில் கூலிக்கு உழைக்கும் வீரனைப் பார்ப்போம். 1938 யூன் மாத இதழாக வெளிவந்த 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாம் இலக்கத்திலே சுப்பர்மான் தோன்றினான். அவனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்ரரும் ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் வாழ்ந்த, குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பெரும் பொருளாதார மந்தத்தின் கொடுமையைக் கண்ணாரக் கண்டவர்கள். அவர்கள் படைத்த வீரன் பகலில் கிளாக் கென்ற் என்ற பெயரோடு ஒரு பத்திரிகையில் நிருபராகச் சம்பளத்துக்கு வேலை செய்தான். மூக்குக் கண்ணாடி அணிந்து, அதிகாரியின் அதட்டலுக்குத் தலைகுனிந்து, மாலைவரை தட்டச்சுப் பொறியோடு மல்லாடும் சாதாரண எழுத்துத் தொழிலாளி அவன்.

அக்காலத்து அவனது எதிரிகள் யார் என்பதையும் நோக்க வேண்டும். முதலாவது இதழிலேயே ஒரு செனற்றரைத் தன் கைக்குள் வைத்திருந்த தரகனை அவன் பிடித்து உலுக்கினான். அடுத்த இதழில், போரை மூட்டி இலாபம் குவிக்கும் ஆயுத வியாபாரியைப் போர்க்களத்துக்கே அனுப்பினான். மூன்றாவது இதழில் சுரங்கத் தொழிலாளி வேடம் பூண்டு, பாதுகாப்பற்ற சுரங்கத்துக்குள் அதன் முதலாளியையும் விருந்துக்கு வந்த அவனது கனவான் நண்பர்களையும் சிக்கவைத்து, தொழிலாளர் நாள்தோறும் சுவாசிக்கும் அச்சத்தை அவர்களும் சுவாசிக்கச் செய்தான். 1939 சனவரி இதழிலோ ஒரு சேரியையே இடித்துத் தள்ளினான். இயற்கை அனர்த்தம் நேர்ந்தாலன்றி அரசாங்கம் ஏழைகளுக்கு நல்ல வீடு கட்டாது என்பதை உணர்ந்த வீரன், தானே அந்த அனர்த்தமானான்! கூலிக்கு உழைப்பவனைக் கதாநாயகனாக்கிய எழுத்தாளனின் கண்ணுக்கு, குற்றம் என்பது மேல்மாடியிலும் தென்பட்டது. இதனைத் தற்செயல் என்று நாம் தள்ளிவிட இயலாது.

ஆனால் இந்தச் சுப்பர்மான் நெடுநாள் வாழவில்லை. பறக்கும் உருவம் நிலைத்தது, பார்வை மாறியது. இதழின் விற்பனை பெருகப் பெருக, வெளியீட்டாளரின் கட்டுப்பாடும் இறுகியது. சுரங்க முதலாளி மறைந்தான்; வங்கித் திருடனும் பைத்தியக்கார விஞ்ஞானியும் அவனிடத்தில் அமர்ந்தனர். 1954 ஆம் ஆண்டு அமெரிக்கச் சித்திரக்கதை வெளியீட்டாளர் தமக்குத் தாமே ஒரு விதிக்கோவையை இயற்றிக்கொண்டனர். பொலிசார், நீதிபதிகள், அரசாங்க அதிகாரிகள் முதலியோர் மீது மதிப்புக் குறையும் வகையில் எதையும் சித்திரிக்கலாகாது என்பது அதிலே ஒரு விதி. கதையில் குற்றம் புரிய எஞ்சியிருந்தவர் யார்? பெரும்பாலும் பூட்டை உடைப்பவன்தான். இத்தாலிய அறிஞர் உம்பேர்த்தோ எக்கோ 1962 இல் எழுதிய ஆய்விலே இதனைத் தெளிவாகச் சுட்டிக்காட்டினார். மலையைப் பெயர்க்கவல்ல ஒருவன், பசியையும் அநீதியையும் ஒழிக்க முனையாது தனிச்சொத்தின் காவலனாகவே காலங்கழிப்பதன் பொருள் என்ன என்று அவர் வினவினார். அக்கதைகளில் தீமை என்பது சொத்தின் மீதான தாக்குதல். நன்மை என்பது தர்மம் கொடுத்தல். இவ்விரண்டுக்கும் அப்பால் அங்கே ஓர் உலகமே இல்லை.

இரண்டாவதாக வருகிறான், உழைக்கத் தேவையற்ற வீரன். 1939 மே மாத இதழிலே தோன்றிய பற்மானின் இயற்பெயர் புரூஸ் வெயின். அவன் கோடீசுவரக் குடும்பத்தின் ஒரே வாரிசு. தெருவிலே துப்பாக்கி நீட்டிய ஒரு திருடனால் அவனது தாய் தந்தையர் கொல்லப்பட்டனர் என்பது அதே ஆண்டின் இறுதியில் எழுதிச் சேர்க்கப்பட்ட வரலாறு. அக்குழந்தையின் கண்ணீருக்கு எந்த மனிதனும் இரங்குவான். ஆயினும் அக்கண்ணீர் ஒரு கேள்வியை அழித்துவிடுகிறது. அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது? எத்தனை தொழிற்சாலைகளில், எத்தனை பேரின் வியர்வையில் அது திரண்டது? கொத்தம் மாநகரின் சந்துகளிலே பசித்துத் திரியும் மனிதர்களுக்கும் குன்றின் மீதுள்ள அந்த மாளிகைக்கும் யாதொரு தொடர்பும் இல்லையா? திருடன் எவ்வாறு திருடனானான் என்பதை ஆராய அந்தத் துப்பறியும் மேதைக்கு ஏன் ஓர் இரவேனும் வாய்க்கவில்லை?

அவனது முதற் கதையில் கொலைகாரன் ஓர் இரசாயனக் கொம்பனியின் பங்காளி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கும் குற்றம் யாதெனில், ஒரு பங்காளி ஏனைய பங்காளிகளை வஞ்சித்தது. கொம்பனியின் வாசலைத் தாண்டிக் கதை உள்ளே செல்லவில்லை. 1943 ஆம் ஆண்டு அவ்வீட்டுக்கு அல்பிரட் என்ற ஊழியனும் வந்து சேர்ந்தான். வீரன் நள்ளிரவிற் திரும்பி வரும்போது காயத்துக்கு மருந்திடுபவனும், உடையைத் தைப்பவனும், உணவைச் சூடாக வைத்திருப்பவனும் அவனே. நகரைக் காப்பாற்றிய பெருமை முகமூடிக்கு. அந்த முகமூடியைத் துவைத்துக் காயவைத்த கைக்கு வாசகனின் புன்னகை மட்டுமே கூலி.

புரூஸ் வெயின் தர்மங்கள் செய்கிறான், அநாதைகளுக்கு உதவுகிறான் என்று பரிந்து பேசுவோர் உளர். செய்கிறான்தான். எவருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றை அவனே தீர்மானிக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பகலில் கொடையாளி, இரவில் காவலன். ஊரார் எவரும் அவனைத் தெரிவு செய்ததுமில்லை, அவனைக் கணக்குக் கேட்டதுமில்லை. ஒரு தனவந்தன் தன் சொந்தச் செலவில் சட்டத்தைக் கையிலெடுத்தால் அது வீரம். தெருவிலே நிற்பவன் எடுத்தால் அது கலகம். இந்தப் பாடத்தைத்தான் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக உலகத்துச் சிறுவர் மனனம் செய்து வருகின்றனர்.

இவனுக்குத் தம்பி முறையானவன் 1963 மார்ச் மாத இதழிலே பிறந்த அயன்மான். ரொனி ஸ்ராக் என்ற அந்த முதலாளி அமெரிக்க இராணுவத்துக்கு ஆயுதம் செய்து விற்பவன். அவனது பிறப்புக் கதையின் களமே வியட்நாம்! 1938 இலே சுப்பர்மான் காதைப் பிடித்து இழுத்துச் சென்ற ஆயுத வியாபாரி, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் தானே கதாநாயகனாகிவிட்டான். பின்வந்த எழுத்தாளர்கள் அவனை ஆயுதத் தொழிலைத் துறக்கச் செய்தனர் என்பது உண்மை. அந்தத் தொழிலில் ஈட்டிய செல்வத்தைத் துறக்கச் செய்தார்களா என்பதே நம் கேள்வி.

மூன்றாவது வீரன் ஏழை. ஸ்ரான் லீயும் ஸ்ரீவ் டிற்கோவும் 1962 ஓகஸ்ட் மாத இதழிலே படைத்த ஸ்பைடர்மான், பீற்றர் பாக்கர் என்ற பள்ளி மாணவன். பெற்றோரை இழந்து சிறிய தந்தையாலும் சிறிய தாயாலும் வளர்க்கப்பட்டவன். நம் மாணவரின் நெஞ்சுக்கு மிக அண்மையில் வருபவன் இவனே. ஆகவே இவன் கதையை ஊன்றி நோக்குதல் வேண்டும். புதிய ஆற்றல் கிட்டியதும் அவன் என்ன செய்தான்? தொலைக்காட்சியில் வித்தை காட்டிப் பணம் சம்பாதிக்க முயன்றான். வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு இதனினும் இயல்பான எண்ணம் வேறென்ன இருக்க முடியும்? கதை அவனை உடனே தண்டிக்கிறது. காசும் புகழும் தலைக்கேறிய செருக்கிலே, தன் முன்னால் ஓடிய திருடனை அவன் போகவிடுகிறான். அதே திருடன் அவன் சிறிய தந்தையைக் கொன்றுவிடுகிறான். அன்றிலிருந்து ஆற்றலைக் காசாக்க எண்ணுவதே பாவம் என்ற குற்றவுணர்வு அவனை வாழ்நாள் முழுதும் வாட்டுகிறது.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். புரூஸ் வெயினின் கோடிகள் எந்தக் கதையிலும் பாவமாகவில்லை. பீற்றர் பாக்கரின் சில டொலர்கள் மட்டும் ஓர் உயிரைப் பலிகொள்ளும் பாவமாயின. ஒரு கொலையினாற் பிறந்தவர்களே இருவரும். ஆனால் பணக்காரப் பிள்ளை அந்தக் கொலையிலே கற்றது, உலகிற் தீயவர் உளர் என்பது. ஏழைப் பிள்ளை கற்றதோ, உழைப்புக்குக் கூலி விரும்பினாற் கேடு வரும் என்பது. இந்த வேறுபாட்டை எழுதியோர் திட்டமிட்டுச் செய்தனர் என்று நாம் கூறவில்லை. திட்டமிடாமலே பேனாவில் வந்து விழுந்தது என்பதுதான் அச்சத்துக்குரியது.

எனினும் இக்கதையை வெறும் பிற்போக்கு என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. 1963 ஆம் ஆண்டு அவனது சொந்த இதழின் முதலாம் இலக்கத்திலே ஓர் அருமையான காட்சி உண்டு. ஸ்பைடர்மான் என்ற பெயருக்கு எழுதப்பட்ட காசோலையோடு அவன் வங்கிக்குச் செல்கிறான். அப்பெயரில் அடையாளப் பத்திரம் இல்லாமையால் வங்கி அதனை மாற்றித்தர மறுக்கிறது. வாடகை கட்டச் சிறிய தாய் தன் நகையை அடகு வைக்கிறாள். சம்பளம் கிடைக்குமென்று நம்பி 'பன்டாஸ்ரிக் போர்' எனும் அதிவீரர் குழுவிற் சேரச் செல்கிறான். தாம் இலாபம் கருதாத அமைப்பு, சம்பளம் எவர்க்கும் கிடையாது என்று அவர்கள் கைவிரிக்கின்றனர். அந்த நால்வருமே அதற்கு முந்திய ஆண்டின் இறுதி இதழொன்றில், தலைவரின் பங்குச் சந்தை முதலீடு சரிந்து, வசித்த மாளிகையை இழக்கும் நிலைக்கு வந்தவர்கள். இறுதியில் பீற்றர் தன் படத்தைத் தானே பிடித்து ஒரு பத்திரிகை முதலாளிக்கு விற்கிறான். அம்முதலாளியோ அப்படத்தைக் கொண்டே ஸ்பைடர்மானைச் சமூக விரோதி என்று நாள்தோறும் தூற்றிப் பத்திரிகை விற்கிறான். தன்னைத் தூற்றும் வியாபாரத்துக்குத் தானே சரக்கு வழங்கி, நிரந்தர வேலையுமின்றி, துண்டு துண்டாகக் கூலி பெறும் இளைஞன்! உழைப்பாளியின் நிலைமையை இதனினும் கூர்மையாகச் சித்திரித்த கட்டுரைகள் பல இல்லை.

நான்காவது வீரன் கூலி கேட்டவன். 1972 யூன் மாத இதழிலே லூக் கேஜ் என்ற கறுப்பின இளைஞன் தோன்றினான். செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்று, அங்கே நிகழ்ந்த ஒரு பரிசோதனையால் ஆற்றல் பெற்று வெளியேறியவன். 'கூலிக்கு வீரன்' என்பதே அவனது இதழின் பெயர். கறுப்பின அதிவீரன் ஒருவனை நாயகனாகக் கொண்டு அமெரிக்காவில் தனி இதழ் வெளிவந்தது அதுவே முதன்முறை. அவன் அலுவலகம் வாடகைக்கு எடுத்தான். வேலைக்கு விலை சொன்னான். 1973 இல் வெளிவந்த ஒரு கதையிலே, ஒரு நாட்டின் சர்வாதிகாரியான டொக்டர் டூம் தன்னிடம் வேலை வாங்கிவிட்டு 200 டொலர் கூலியைக் கொடாமற் சென்றதற்காக, அந்த நாட்டுக்கே தேடிப் போய்ச் சண்டையிட்டு அதனை வசூலித்தான்.

200 டொலருக்காக ஒரு நாட்டின் மீது படையெடுப்பதா என்று இக்காட்சியை நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிப்போர் பலர். நமக்கு இதிற் சிரிக்க ஒன்றுமில்லை. ஏமாற்றிய கை எவ்வளவு பெரியதாயினும் கூலி கூலியே என்ற நெறியை அத்தனை அதிவீரர்களுள்ளும் நடைமுறையிற் காட்டியவன் அவன் ஒருவனே. வெள்ளையினக் கோடீசுவரன் இலவசமாகச் செய்யும் வீரத்தைக் கறுப்பினத் தொழிலாளி காசுக்குச் செய்தான் என்று ஒப்பிட்டு, முன்னவனை உயர்த்துவோர் ஒன்றை மறக்கின்றனர். இலவசமாக உழைக்கும் பெருந்தன்மை, வேறெங்கோ பிறர் உழைப்பில் வாழ்பவனுக்கே எளிதிற் கைகூடும்.

பெண்ணின் நிலையையும் ஒரு சொல்லிற் கூறிச் செல்வோம். 1941 இன் இறுதியிற் தோன்றிய வொண்டர் வுமன் ஆடவர் பலரை ஒரு கையாற் தூக்கவல்லவள். 1942 இலே அதிவீரர் சங்கமொன்று அவளைச் சேர்த்துக்கொண்டது, செயலாளராக! வீரர்கள் போருக்குச் சென்றனர். அவள் குறிப்பேடு எழுதினாள். ஆற்றல் எத்துணையாயினும் பெண்ணுக்கு வேலை எதுவென்பதை அலுவலகம் முன்கூட்டியே தீர்மானித்திருந்தது.

கதைக்குள்ளே இவ்வாறாயின், கதைக்கு வெளியே நிலைமை யாது? இனி வருவதைக் கற்பனை என்று எவரும் தள்ளமுடியாது. 1938 மார்ச்சிலே, இருபத்துமூன்று வயது நிரம்பிய சீகலும் ஷஸ்ரரும் பதின்மூன்று பக்கக் கதைக்குப் பக்கமொன்றுக்குப் பத்து டொலர் வீதம் 130 டொலர் பெற்று, சுப்பர்மானின் முழு உரிமையையும் எழுதிக்கொடுத்தனர். பின்னர் சில ஆண்டுகள் பக்கக் கணக்கிற் கூலி பெற்று உழைத்தனர். 1947 இல் உரிமை கோரி வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு ஒரு தொகையோடு வழக்கு முடிந்தது. அவர்களின் பெயரும் இதழிலிருந்து மறைந்தது. ஷஸ்ரர் கண்பார்வை மங்கி, பொருள்களைக் கொண்டுசென்று கொடுக்கும் வேலை செய்து பிழைத்தார். சீகல் எழுதுவினைஞராக வேலை செய்தார். 1975 இலே, சுப்பர்மான் திரைப்படத்துக்குப் பெருந்தொகை ஒதுக்கப்படும் செய்தி கேட்டுச் சீகல் தம் நிலைமையைப் பகிரங்கமாக எழுதி வெளியிட்டார். ஏனைய ஓவியர்களும் எழுத்தாளர்களும் அவருக்குத் துணையாக எழுந்தனர். அதன் பின்னரே ஆளுக்கு ஆண்டுதோறும் 20,000 டொலரும், படைத்தவர் என்ற பெயரும் கிட்டின. வானத்திலிருந்து எந்த வீரனும் பறந்துவந்து அவர்களை மீட்கவில்லை. சக தொழிலாளரின் குரலே மீட்டது.

அந்த 130 டொலரையும் உள்ளடக்கி எழுதப்பட்ட பழைய காசோலை 2012 இல் ஏலத்தில் 160,000 டொலருக்கு விலைபோயிற்று. அந்த முதலாம் இலக்க இதழின் ஒரு பிரதி 2024 இல் 60 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. படைத்தவனுக்குக் கொடுத்த கூலியின் தாளே படைத்தவனைவிட விலைமதிப்புள்ள பொருளாகிவிட்ட விந்தையை வேறெந்தக் கதையிற் காண்போம்?

பற்மானின் கதையைத் தொடக்கத்திலே எழுதியவர், சப்பாத்து விற்பனையாளராக இருந்த பில் பிங்கர். ஆனால் ஓவியர் பொப் கேனின் பெயர் மட்டுமே இதழ்தோறும் அச்சாகியது. பிங்கர் 1974 இல் வறுமையோடு மறைந்தார். அவரது பெயர் முறைப்படி சேர்க்கப்பட்டதோ 2015 இல். 'பன்டாஸ்ரிக் போர்' குழுவையும் வேறு பலரையும் வரைந்த ஜக் கேர்பி, தம் கையால் வரைந்த மூலச் சித்திரங்களைத் திரும்பப் பெறவே 1980களில் ஆண்டுக்கணக்காகப் போராடி, 1987 இல் ஒரு பகுதியை மாத்திரம் பெற்றார். அவர் படைத்த உருவங்களை உடைமையாகக் கொண்ட மார்வெல் நிறுவனத்தை 2009 இல் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு வாங்கிற்று. 2019 இலே வெளியான ஒரே திரைப்படம் உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டொலர் வசூலித்தது. அதிவீரர்கள் எவ்வாறு சம்பாதிக்கின்றனர் என்ற கேள்விக்கு இதுவே நேரான விடை. அவர்கள் சம்பாதிக்கின்றனர், மிகப் பெருந்தொகை சம்பாதிக்கின்றனர். தமக்காகவுமன்று, தம்மைப் பெற்றவர்க்காகவுமன்று.

இனி, எதிர்ப்பக்கத்தாரின் வலிமையான வாதத்துக்கு வருவோம். "எல்லாவற்றுக்கும் விலை பேசுவது முதலாளித்துவத்தின் குணமல்லவா? கூலி கருதாத சேவையைப் போற்றுவது உயர்ந்த பண்பல்லவா? அதனை நீங்களே பழிக்கலாமா?" என்று அவர்கள் கேட்கின்றனர். அயலவனின் வீடு எரியும்போது கூலி பேசாமல் நீர் அள்ளிச் செல்லும் மனிதனை நாமும் வணங்குகிறோம். ஆனால் நாள்தோறும் நெருப்பணைப்பதையே கடமையாக ஒருவன்மேற் சுமத்திவிட்டு, அவன் சோறு கேட்டால் முகஞ்சுளிப்பது வேறு. முன்னது மனிதப் பண்பு, பின்னது சுரண்டல். அதிவீரர் கதைகள் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாமற் குழப்பிவிடுகின்றன.

இந்தக் குழப்பம் ஏட்டோடு நிற்பதில்லை. 2020 ஆம் ஆண்டு கொள்ளைநோய் உலகை உலுக்கியபோது, தாதியரையும் மருத்துவமனைத் தொழிலாளரையும் அதிவீரர் என்று உலகெங்கும் போற்றினர். பிரித்தானியாவிலே பாங்ஸி என்ற ஓவியர் ஒரு சித்திரம் வரைந்தார். சிறுவன் ஒருவன் பற்மான், ஸ்பைடர்மான் பொம்மைகளைக் குப்பைக் கூடையில் இட்டுவிட்டு, தாதிப் பொம்மையைப் பறக்கவிட்டு விளையாடுகிறான். 2021 மார்ச்சிலே அச்சித்திரம் 160 இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. அந்தப் பணம் மருத்துவத் தொண்டுகளுக்கே சென்றது. ஓவியரை நாம் குறைகூறவில்லை. ஆனால் அதே மாதத்திலே அந்நாட்டு அரசாங்கம் அந்தத் தாதியருக்கு முன்மொழிந்த சம்பள உயர்வு எவ்வளவு? நூற்றுக்கு ஒன்று! பின்னர் அது நூற்றுக்கு மூன்றாக்கப்பட்டது, அதுவும் போதவில்லை. 2022 திசம்பரிலே பிரித்தானியத் தாதியர் சங்கம் இங்கிலாந்தில் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக வேலைநிறுத்தத்தில் இறங்கிற்று. வீரரென்று வாயாரப் போற்றுவது, சம்பளம் கேட்கும் வாயை அடைக்கும் மலிவான வழியாகிவிட்டதை அவர்கள் கண்டுகொண்டனர்.

நம் நாட்டுக்கு வருவோம். 2021 யூலையிலே இலங்கையின் ஆசிரியர்களும் அதிபர்களும், இருபதாண்டுகளுக்கு மேலாகத் தீராதிருந்த சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். அப்போராட்டம் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தது. அந்நாட்களில் நம் செவிகளில் விழுந்த வசனங்கள் நினைவிருக்கின்றனவா? கற்பித்தல் புனிதப் பணி, ஆசான் தெய்வம், தெய்வம் சம்பளம் கேட்குமா? கேளாது. தெய்வத்துக்கு வாடகை இல்லை, பேருந்துக் கட்டணம் இல்லை, பிள்ளைக்குப் பால்மா வாங்கும் கவலையும் இல்லை. நம்மைத் தெய்வமாக்கியவர்கள் நம் வயிற்றை அழித்த பின்னரே அவ்வாறு ஆக்கினர். கிரிப்டன் கிரகத்திலிருந்து வந்து, பசியே அறியாதிருப்பவனுக்குப் பொருந்தும் இலக்கணத்தை, மாதக் கடைசியில் கடன் கேட்டு நிற்கும் மனிதன்மேற் போர்த்துவதை நாம் அனுமதிக்கலாகாது.

அவ்வாறாயின் இக்கதைகளைத் தடை செய்வதா? வேண்டாம். தடை செய்வது ஆளும் வர்க்கத்தின் வழக்கம். 1954 ஆம் ஆண்டின் விதிக்கோவை இலக்கியத்துக்கு இழைத்த தீங்கை மேலே கண்டோம். பிள்ளைகள் படிக்கட்டும், பார்க்கட்டும், வியக்கட்டும். நெஞ்சை அள்ளும் கற்பனை அவற்றில் உண்டு. நலிந்தோரைக் காக்கவேண்டும் என்ற நல்லுணர்வும் உண்டு. அந்த நல்லுணர்வுக்குக் கண்ணைக் கொடுப்பது நமது வேலை. வகுப்பறையிலே சிலப்பதிகாரத்தைப் படிப்பிக்கும்போது, மாதரியின் வீட்டுக்கு அடைக்கலமாக வந்து சேர்ந்த கோவலன், விற்பதற்கு ஏன் சிலம்பைத் தவிர வேறொன்றுமில்லாத நிலையை அடைந்தான் என்று வினவுகிறோமல்லவா? அதே வினாவைச் சுப்பர்மானிடமும் வினவுவோம். இவனுக்குச் சோறு போடுபவர் யார்? இவன் யாருடைய சொத்தைக் காக்கிறான்? இவன் ஒருபோதும் பிடிக்காத திருடர் யார்? இவன் உடையைத் தைத்தவருக்குக் கூலி கிடைத்ததா? இவனைப் படைத்தவர் எவ்வாறு இறந்தார்?

இந்த ஐந்து வினாக்களையும் கேட்கப் பழகிய மாணவன், கதையிலே தொடங்கிக் கதையோடு நின்றுவிடமாட்டான். தன் ஊரின் கொடையாளியைப் பார்த்தும், தேர்தல் மேடையிலே மீட்பனாக வந்து நிற்பவனைப் பார்த்தும் அவற்றையே கேட்பான். ஒரு நாள் தான் பெறும் முதற் சம்பளத் துண்டைக் கையிலெடுத்தபோதும் கேட்பான். முகமூடி அணிந்த ஒருவனுக்காக வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் தலைமுறையை நாம் வளர்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவனின் முகத்தைப் பார்த்து, "உனக்கு இன்று கூலி கிடைத்ததா?" என்று கேட்கும் தலைமுறையை வளர்ப்போம்.